பூட்டிய பைக்குள் பதினோரு செவ்வந்தி

தாராவியில் ஒரு ஆள் மாலை ஆறு மணிக்குப் பதினோரு பைகளைப் பூட்டி மொட்டைமாடியில் அடுக்குகிறான், காலை எட்டுக்குத்தான் திறக்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பைக்குள் என்ன என்று செம்பூரில் கேட்டால் தங்கக் கட்டி. மாட்டுங்கா பூக்கடைகளில் கேட்டால் பாம்பு. பாண்டுப்பில் ஒருவர் நேரிலேயே பார்த்தாராம், ஆனால் என்ன பார்த்தார் என்று சொல்லமாட்டாராம். சரி, விசாரித்துவிடுவோம் என்று தோல் வாடையைப் பிடித்துக்கொண்டே சந்துக்குள் போய் இரும்பு ஏணியில் ஏறினால், பைக்குள் இருந்தது செவ்வந்திச் செடி. பூட்டியதும் அந்த ஆள் இல்லை.

ஆள் பெயர் வெயிலுமுத்து. ஷமீமாவின் பை தைக்கும் கார்கானாவில் பத்தொன்பது வருஷமாக ரெக்சின் வெட்டுகிறவர். கார்கானாவுக்கு மேலே மாடியில் அவருடைய பதினோரு செவ்வந்தித் தொட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர். ஆனால் போன கார்த்திகையில், தண்ணீர் டாங்க்குக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த ஒன்று மட்டும் பூத்துத் தள்ளியது. மற்றதெல்லாம் இலையாகவே தழைத்து நின்றது. மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்தவர், நாலாம் நாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். உயரக் கம்பத்து விளக்கு மாடி முழுக்க வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. டாங்க்கின் நிழலில் மட்டும் இருட்டு. ராத்திரி நீளமாக இருந்தால்தான் செவ்வந்திக்குப் பூக்கவே தோன்றும். தாராவியில் அதற்கு யார் ராத்திரியைக் காட்டினார்கள்?

கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். மாசி மாதம் அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த வைகாசிக் கொடைக்கு அம்மனுக்கு என் மாடிச் செவ்வந்தியிலதான் மாலை" என்றார்.

கமிட்டித் தலைவர் அய்யாத்துரை கண்ணாடியை இறக்கினார். "வைகாசி வெயில்ல உம்ம மாடியிலயா? பூக்கலன்னா என்னவே செய்வீரு?"

"பூக்கலன்னா நான் தீச்சட்டி எடுக்கல."

பன்னிரண்டு வருஷமாக அவர் எடுக்கும் தீச்சட்டி. அதன்மேல் கண்ணாக இருந்தவர் அய்யாத்துரையின் மச்சான். தலைவர் உடனே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே, தொட்டிகளை மூடி ராத்திரி காட்ட, பைகள் தயார். கருப்பு ரெக்சின், உள்ளே கருப்புத் துணி, இரட்டைத் தையல். துண்டு ரெக்சினை அள்ளிக் கொடுத்த ஷமீமா ஒன்றே ஒன்று கேட்டாள். "கொடைக்கு மறுநாள் எங்களுக்குப் பெருநாள், அண்ணாச்சி. வாசல்ல வைக்க ஒரு தொட்டி வேணும்."

"ரெண்டாவே தாரேன், தங்கச்சி." அவர் இருந்த குஷியில் ஏழு கேட்டிருந்தாலும் தந்திருப்பார்.

பதினைந்து நாளாயிற்று, ஒரு மொட்டு இல்லை. மண்ணை மாற்றினார், எரு போட்டார், அம்மனிடம் முறையிட்டார். ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மாடியில் சத்தம் கேட்டு ஷமீமா ஏறி வந்தாள். சந்தே அங்கே நின்றது. வெயிலுமுத்து பை பையாக ஜிப்பைத் திறந்து, மொபைல் டார்ச்சை உள்ளே அடித்து விளக்கிக்கொண்டிருந்தார். பைக்காரர் தைத்த பை ஆயிற்றே, ஜிப் வைக்காமல் இருப்பாரா?

"என்ன செய்யுதீங்க அண்ணாச்சி?"

"மொட்டு வந்திருக்கான்னு பாக்கேன். தினம் பாக்கேன்."

"தூங்குற ஆளத் தட்டி எழுப்பி, தூங்கிட்டியான்னு கேக்குதீங்க."

கையிலிருந்த டார்ச் அணைந்தது. பதினாலு மணி நேர ராத்திரியை அவரே நடுவில் வெட்டி இரண்டு துண்டாக்கியிருக்கிறார். செடிக்கு இரண்டுமே கணக்கில் சேராது. வெட்டுவதுதானே அவர் தொழில்.

மறுநாள் ஷமீமா டிராலி பைகளுக்கு வாங்கி வைத்திருந்த நம்பர் பூட்டு பதினொன்றை எடுத்துவந்து ஜிப்புகளில் மாட்டினாள்.

"நம்பர் என்ன தங்கச்சி?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

அன்றிலிருந்து ஆறு மணிக்குப் பூட்டுவதும் எட்டு மணிக்குத் திறப்பதும் அவள்தான். வெயிலுமுத்து பைகளைச் சுற்றி நடப்பார், மோந்து பார்ப்பார், காதை வைத்துக்கூடக் கேட்டார். பூட்டு ஏறிய இருபத்தாறாம் நாள் காலை, நுனியில் மிளகளவு மொட்டுகள். செருப்பில்லாமல் இறங்கி ஓடி, முதலில் ஷமீமாவிடம் சொன்னார், பிறகு அய்யாத்துரைக்குப் போன் போட்டார்.

"மொட்டுதானவே," என்றார் தலைவர். "மொட்டையா கட்டிப் போடுவீரு?"

கொடைச் செவ்வாய்க்கிழமை விடியும்போது மாடி மஞ்சளாய் இருந்தது. கீழ்ச் சந்தில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே முட்டிக்கொண்டார்கள். பத்துத் தொட்டிப் பூவைக் கொய்து மாலை கட்டியாயிற்று. ஷமீமாவுக்கு இரண்டு என்று சொன்னதில் ஒன்றுதான் மிச்சம். அய்யாத்துரை மாலையைக் கையால் அளந்தார். "ஒரு சாண் குறையுதேவே. மச்சானக் கூப்பிடவா?"

வெயிலுமுத்து பதினோராவது தொட்டியைப் பார்த்தார். ஏணியருகே நின்ற ஷமீமாவை மட்டும் பார்க்கவில்லை.

"வெட்டுங்க," என்றாள் அவள். "ரெண்டுன்னு சொன்னீங்க. அது ஞாபகம் இருக்கட்டும்."

அன்று தீச்சட்டி அவர் கையில்தான் ஏறியது. சந்து சந்தாக, கால் தரையில் பாவாமல் போனார் என்கிறார்கள்.

மறுநாள் பெருநாள் பிரியாணி ஒரு டப்பா நிறைய வந்தது. ஷமீமா வாசலில் பூ இல்லை. டப்பாவைக் கழுவித் துடைத்துப் பலகைமேல் வைத்திருக்கிறார் வெயிலுமுத்து. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது முறையில்லையே. மாடியில் புதிதாய் இரண்டு பதியன்கள் வேர் பிடித்திருக்கின்றன. பையில் போடும் பருவம் வந்ததும் பூட்டு கேட்டு அவளிடம்தான் போய் நிற்கவேண்டும். நம்பரை அவள் இன்னும் சொல்லவில்லை. டப்பாவும் இன்னும் பலகையிலிருந்து இறங்கவில்லை.