நாடு பார்க்க வந்தவர்கள்

திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றின் கேன்டீனில் சமையல் வேலை பார்க்கும் வரலட்சுமிக்கு எதற்கும் பதற்றம் வருவதில்லை. அடுப்படியில் தீப் பிடித்தாலும் சரி, லாரி ஓட்டுநர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டாலும் சரி, அவள் கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

“இன்னா பொம்பள இவ! இடி வியிந்தாலும் இட்லி ஊத்திகினு கீறா” என்று ஓட்டுநர்கள் கேலி பேசுவார்கள். அதற்கும் அவள் சிரிக்கமாட்டாள், கோபிக்கவும் மாட்டாள்.

எப்போது இப்படி மரத்துப்போனாள் என்பது அவளுக்கே தெரியாது. மகன் வெற்றி சிறுவனாக இருந்தபோது, மாடிப்படியில் ஏற முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டானே, அன்றாக இருக்கலாம். பிறகு அவன் சக்கர நாற்காலிக்கு வந்த நாளாகவும் இருக்கலாம். இப்போது அவனுக்கு வயது பதினேழு. தசைகள் மெல்லக் கரைகின்றன. இரவில் புரண்டு படுப்பதற்கும் இன்னொருவர் கை வேண்டும்.

வேலைக்காக வெளியூரில் தங்கியிருக்கும் அவள் கணவன் அசோகன் அவளுடைய தாய்மாமன். அவள் தாயும் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். எண்ணூர் முதல் திருவொற்றியூர் வரை பரவியிருந்த அந்த உறவுக்குள், தெருவுக்கு ஒரு பிள்ளையாவது வெற்றியைப்போல் முடங்கிக் கிடந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், ‘சின்ன வயதில் வந்த காய்ச்சல்’ என்று முடித்துவிடுவார்கள். அண்மைக் காலமாகப் பெண்களுக்கு வெளியிலிருந்து வரன்கள் வரத் தொடங்கியபின் அந்த மௌனம் இன்னும் இறுகிப்போயிற்று.

ராயபுரத்தில் வெற்றிக்கு மருத்துவம் பார்த்தவர் டாக்டர் ரூத். ஒருநாள் அவர் வரலட்சுமியை எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

“அக்கா, இது கடையில வாங்குற மாத்திரை மாதிரி இல்ல. வெற்றி உடம்புல இருக்குற அந்த ஒரு மரபணுக் கோளாறுக்குன்னே அளவெடுத்துச் செய்யற மருந்து. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி செய்யப்போகுது. அதுக்குத் தளமா ஒரு நாட்டைத் தேடுறாங்க. இந்தியாவா, துருக்கியான்னு முடிவு பண்ண நேர்ல பார்க்க வர்றாங்க. இங்க அமைஞ்சா, முதல்ல இவனை மாதிரிப் பசங்களுக்குத்தான் கொடுத்துப் பார்ப்பாங்க. இந்தக் கோளாறு உங்க சொந்தத்துல இன்னும் சில பேருக்கு இருக்கலாம், எல்லாரையும் ஒருநாள் ஒண்ணாக் கூட்டுங்க.”

வீடு திரும்பும் வழியில் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. பசி என்று நினைத்து ஒரு டீ குடித்தாள்.

அந்த உறவுக்கெல்லாம் பெரியவர் கிருஷ்ணப்பன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வரலட்சுமிக்குப் பெரியப்பா முறை. அவருடைய மகன் மாரியப்பனும் படுக்கையில்தான் கிடந்தான். அவள் அவரிடம் போய்ச் செய்தியைச் சொன்னாள்.

“வெளிநாட்டுல இருந்து வர்றாங்க பெரியப்பா. நம்மளையும் பாத்து, துருக்கியையும் பாத்து, எது புடிக்குதோ அங்க மருந்து செய்வாங்களாம். நம்ம பசங்களுக்கு.”

“துருக்கிக்காரன் நம்மள மிஞ்சிடுவானா? ஞாயித்துக்கெயம வரச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன், நீ கம்முனு இரு.”

முடங்கிய பிள்ளைகளை அழைத்து வரவேண்டும் என்று அவள் தனியாகச் சொல்லவில்லை. அதையும் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெற்றியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றாள். தோரணம் கட்டியிருந்தார்கள். பெண்கள் பட்டுடுத்தியிருந்தார்கள், குழந்தைகள் பவுடர் பூசி, பூ வைத்து, வரிசையாக அமர்ந்திருந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் மணத்தன. குத்துச்சண்டை பழகும் இளைஞர்கள், தோள்கள் தெரியும்படி கையில்லாப் பனியனுடன் முன்வரிசையில் நின்றார்கள். பெண் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வீடு எப்படித் தன்னைத் துடைத்து வைத்துக்கொள்ளுமோ, அப்படி இருந்தது அந்தக் கூடம்.

அவளுடைய அண்ணன் மனைவி செங்கொடி ஓடிவந்தாள்.

“அய்ய, இவன ஏம்மே இட்டாந்த? பாக்க வர்றவங்க மின்னாடி இவனக் குந்த வெச்சா, நம்மள இன்னான்னு நெனைப்பாங்க?”

“இவனுக்காவத்தானே அண்ணி வர்றாங்க? உன் சின்னவன் எங்க? மாரியப்பன் எங்க?”

“எல்லாரையும் பெரியவரு காலையிலியே டெம்போல ஏத்தி வள்ளூருக்கு அனுப்பிட்டாரு. அங்க நம்ம சொந்தக்காரங்க வூட்ல கறிசோறு ஆக்கிப் போடச் சொல்லிகீறாரு.”

“அப்ப எனக்கு மட்டும் பஜ்ஜிதானா அத்தை?” என்றான் வெற்றி.

செங்கொடி சிரித்துவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தினாள். “மூணாவது வரிசைல எங்க சம்பந்தியம்மா குந்திகினு கீறாங்க. வெள்ளைக்காரங்க நம்மளப் பாக்க வர்றத அவங்களும் பாக்கட்டும்னு நான்தான் கூப்ட்டேன். பொண்ணு கல்யாணம் நெருங்கிடுச்சி. நீ எதுனா ஒளறி வெக்காத வரா.”

டெம்போவைத் திருப்பி அழைக்க நேரமில்லை. ரூத்துடன் வெளிநாட்டினர் இருவர் உள்ளே வந்துவிட்டார்கள். கிருஷ்ணப்பன் அவர்களுக்குச் சால்வை போர்த்தினார். வந்தவர்கள் கேசரியைச் சுவைத்துத் தலையசைத்தார்கள். பிறகு வெற்றியின் அருகில் வந்து, அவன் கால்களைப் பார்த்து, ரூத்திடம் ஏதோ கேட்டார்கள்.

“இந்தப் பையனைப்போல உங்க வீடுகள்ல வேற யாரெல்லாம் இருக்காங்கன்னு கேக்கறாங்க” என்றார் ரூத்.

கிருஷ்ணப்பன் எழுந்தார்.

“எங்க வம்சத்துல அப்புடி ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா. இந்தப் பையனுக்கும் சின்ன வயசுல காய்ச்சல் வந்து இப்புடி ஆய்டுச்சி. மத்த பசங்களப் பாருங்க, ஒவ்வொருத்தனும் ஷோக்கா கீறான்!”

இளைஞர்கள் தோள்களை விரித்துக் காட்டினார்கள். ரூத் வரலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நீங்க சொல்லுங்க.”

அவளுக்கு எல்லா வீடும் தெரியும். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும். செங்கொடியின் விரல்கள் அவள் முழங்கையை அழுத்தின. மூன்றாவது வரிசையிலிருந்த அந்த அம்மாள் முகத்தை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றியும் பார்த்தான்.

“எனக்குத் தெரிஞ்சி இவன் ஒருத்தன்தாம்மா” என்றாள் வரலட்சுமி. குழம்புக்கு உப்புப் போட்டாயிற்று என்று சொல்லும் குரலில்தான் அதையும் சொன்னாள்.

மறுநாள் அவளே ராயபுரம் போய் ரூத்திடம் உண்மையைச் சொன்னாள். ரூத் திட்டவில்லை. “எல்லாரையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்க, உடனே கம்பெனிக்கு எழுதறேன்” என்றார். வரலட்சுமி வீடு வீடாக ஏறி இறங்கினாள். “கல்யாணம் முடியட்டும்” என்றாள் செங்கொடி. மற்றவர்களும் அதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். கல்யாணம் முடிவதற்கு முன்பே ரூத் தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

“துருக்கின்னு முடிவு பண்ணிட்டாங்க அக்கா. மருந்து நல்லா வந்தாலும், இங்க வந்துசேர ரொம்ப வருஷம் ஆகும்.”

“இப்ப எல்லாரையும் இட்டாந்தா?”

“முடிஞ்சிருச்சு அக்கா.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டு, கேன்டீனின் மாலைச் சிற்றுண்டிக்கு வெங்காயம் நறுக்கினாள். அழுகை வந்தால் வெங்காயத்தின்மேல் பழி போடலாம் என்று, பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த உடன் சமைப்பவள் சொன்னாள். அழுகை வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது கிருஷ்ணப்பன் வெற்றியின் கட்டிலருகே அமர்ந்திருந்தார்.

“இன்னா வரா, நம்மளப் புடிச்சிச்சாமா?”

“துருக்கிதானாம், பெரியப்பா.”

“ஏன்? கேசரில இருந்து சால்வை வரைக்கும் பாத்துப் பாத்து செஞ்சோமே!”

“நம்ம புள்ளைங்கள அவங்க பாக்கல. இந்த நோவு வந்தவங்க நெறைய பேரு எங்க கீறாங்கன்னு பாக்கத்தான் வந்தாங்க.”

துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. “அப்ப மாரியப்பனுக்கு?” என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, வரவில்லை. தன்மேலும் வரவில்லை.

“அம்மா, இடுப்பு வலிக்குது” என்றான் வெற்றி.

“அந்தாண்ட புடிங்க பெரியப்பா, இவனத் திருப்பிப் படுக்க வெக்கணும்” என்றாள். அவர் தோளைப் பிடித்தார். அவள் இடுப்பைப் பிடித்தாள். இருவருமாக அவனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்கள்.