கருவாட்டுத் தலை காட்டினால்தான் வருவான்

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், பொம்மர் விமானம் வருவதை முதலில் சொல்வது எங்கள் நாய்தான். வன்னியின் முரசுமோட்டையில் அந்தப் போர்க்காலத்தில் மின்சாரமும் இல்லை, சைரனும் இல்லை. முற்றத்து மணலில் சுருண்டு கிடப்பவன் திடீரென்று எழும்பிக் காதை நிமிர்த்தி, தெற்குப் பக்கம் பார்த்துக் குரைக்கத் தொடங்குவான். நான் அரிசிச் சட்டியைக் கீழே வைத்து, மகளைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்குள் வெட்டிய பங்கர் வாசலுக்கு வந்து சேரும்போதுதான் எங்கள் காதுக்கு இரைச்சல் எட்டும். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் கத்துவா.

"உங்கட ஆள் குலைச்சிட்டான், எல்லாரும் ஓடுங்கோ!"

குரைப்பதை அவனுக்கு யாரும் பழக்கவில்லை. நாங்கள் பழக்கியது அதற்கு அடுத்த பாதியை. ஒருமுறை குண்டு விழுந்த கையோடு அவன் பங்கரை விட்டு வெளியே பாய்ந்துவிட்டான். பொம்மர் போகவில்லை, ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. அவனைப் பிடிக்க மகள் ஓட, மகளைப் பிடிக்க நான் ஓட, மூன்று பேரும் தென்னையடியில் குப்புற விழுந்து கிடந்தோம். தென்னையின் தலை போனது. எங்கள் தலை தப்பியது.

அந்த ஆத்திரத்தில் இவர், அதாவது என் கணவர், ஒரு சட்டம் போட்டார். பொம்மர் போனபிறகு தான் மட்டும் வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் பங்கர் வாசலில் ஒரு கருவாட்டுத் தலையைக் காட்டுவார். அதைக் கண்டபிறகுதான் நாய் வெளியே வரலாம், மகள் வரலாம், நான் வரலாம். மகள் இரண்டொரு தடவை மீறினாள். அடுப்பில் சோறு கிடந்தால் நானும் மீறினேன். மீறாதவன் அவன் ஒருவன்தான். "உள்ளுக்க, உள்ளுக்க" என்று சொன்னால் போதும், கடைசி மூலைக்கு ஊர்ந்துபோய் வயிற்றை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கிடப்பான். கருவாட்டு ஆசையில் சும்மா குரைத்து ஒழுங்கையையே ஓடவைத்த நாட்களும் உண்டு. அதற்கு அவன் வாங்கிய ஏச்சும் கொஞ்சமல்ல.

பிறகு பீரங்கி ஷெல்லும் வரத் தொடங்கியது. ஷெல்லுக்கு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டை விட்டுவிட்டு மேற்கே போய், காட்டோரத்தில் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தோம். மகளுக்கு மலேரியா பிடித்தது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, ஆசுபத்திரியில் மருந்து இருந்தாலும் வந்தது, இல்லாவிட்டாலும் வந்தது. ஒருநாள் அவள் நடுங்கிய நடுக்கத்தில் கிடந்த பாய் சரசரத்தது. அன்றைக்குத்தான் இவர் இந்தியாவுக்குப் போவோம் என்றார்.

இவருடைய தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டுப்பட்டு வன்னிக்கு வந்தவர். திருச்சிப் பக்கம் சொந்தக்காரர் இருப்பதாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நினைப்பில் இவரும் "திரும்பிப் போவம்" என்றார். கண்ணால் காணாத ஊருக்கு எப்படித் திரும்பிப் போவது என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் மகளின் நெற்றியைத் தொட்டால் எரிச்சல் அடங்கிப் பயம் வந்துவிடும். சரி என்றேன்.

"நாயைப் பக்கத்துக் கொட்டில் ஆக்களிட்ட விடுவம்" என்றார் இவர்.

"அவன் இல்லாட்டி அங்க பொம்மர் வாறதை ஆர் சொல்லுறது?"

"இந்தியாவில ஆர் வந்து குண்டு போடப்போறான்? உனக்கென்ன விசரே?"

"ஆர் கண்டது?" என்றேன்.

இதை இப்போது வாசிப்பவர்கள் சிரிக்கலாம். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை. வானம் என்று ஒன்று இருந்தால் அதில் பொம்மர் வரும், எனக்குத் தெரிந்த வானம் அதுதான். நாய் இல்லாமல் ஒரு புது ஊரில், பங்கர் எங்கே என்று தெரியாத இடத்தில் பிள்ளையோடு நிற்பதை நினைக்கவே முடியவில்லை. அவன்மேல் அன்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனை விடமாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது பயத்தால்தான்.

நாச்சிக்குடாப் பக்கம் ஒரு கரையில் பின்னேரம் படகுக்குக் காத்திருந்தோம். எங்களோடு வேறு சில குடும்பங்களும் இருந்தன. படகோட்டி நாயைக் கண்டதும் தலையை ஆட்டினார்.

"நாயெல்லாம் ஏத்தேலாது அக்கா. ஒரு சத்தம் போதும், நேவி எங்கள் எல்லாரையும் முடிச்சுப்போடும்."

"வாயைக் கட்டுறன் தம்பி."

"கட்டினால் முனகும். கடலில முனகலும் கேக்கும்."

நான் கெஞ்சினேன். அழுதேன். கொஞ்சம் சண்டையும் பிடித்தேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை சொன்னார்.

"ஒருக்காக் குலைச்சானெண்டால் தூக்கிக் கடலுக்குள்ள எறிஞ்சுபோடுவன். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

"ஓம்" என்றேன்.

கைக்குழந்தைகள் அழாமல் இருக்க, சளிக்குப் போடும் தடிமன் குளிசை கொடுத்து நித்திரையாக்குவது அந்தக் கரையில் வழக்கம். பக்கத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கரைத்துப் பருக்கினா. நான் அதே குளிசையைச் சோற்றில் பிசைந்து அவனுக்குக் கொடுத்தேன். என் பையில் மகளின் சட்டை, மருந்து, அவனுக்காக ஒரு பொட்டலம் கருவாட்டுத் தலை. இருட்டுப்படும்போது ஏறினோம்.

அவன் என் காலடியில் நல்ல நித்திரை. என் கை அவன் கழுத்தை விட்டு எழும்பவில்லை. மகள் இவருடைய மடியில் அனலாகக் கிடந்தாள். தண்ணீர் அடித்து எல்லோரும் தெப்பமாக நனைந்திருந்தோம். எவ்வளவு தூரம் போனோமோ தெரியாது, படகோட்டி திடீரென்று எஞ்சினை நிறுத்தினார். இடது பக்கத்தில், தூரத்தில், ஒரு வெளிச்சம் தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்தது.

"ஓடவேண்டி வந்தால் இந்தப் பாரத்தோட ஓடேலாது. மூட்டையளை இறக்குங்கோ. எறியாதேங்கோ, சத்தம் வரும்" என்று அவர் குசுகுசுத்தார். ஒவ்வொருவராகத் தங்கள் மூட்டையைத் தண்ணீரில் மெல்ல இறக்கினார்கள். யாரோ என் மடியிலிருந்த பையையும் எடுத்தார்கள். நான் தடுக்கவில்லை. அந்த நேரம் என்னையே எடுத்து இறக்கியிருந்தாலும் பேசாமல் போயிருப்பேன்.

அப்போதுதான் என் கைக்குக் கீழே அவன் விழித்தான். காது நிமிர்ந்தது. எங்களுக்குக் கேட்காத நேவிப் படகின் எஞ்சின் சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது. தொண்டைக்குள் உறுமல் தொடங்கியது, நெஞ்சு காற்றை இழுத்து நிரப்பியது. அந்த நெஞ்சை எனக்குத் தெரியும். அடுத்து வருவது குரைப்பு. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன், அவன் தலையை உதறினான். படகோட்டியின் கை அவனுடைய பிடரிக்கு வந்தது.

நான் யோசித்துச் செய்யவில்லை. படகின் முன்பக்கத்தில், அணியத்துக்குக் கீழே, வலையும் நங்கூரக் கயிறும் போட்டுவைக்கிற ஒரு பொந்து இருந்தது. அவனை அதற்குள் தள்ளி, ஒரு நனைந்த சாக்கால் வாசலை மூடி, "உள்ளுக்க, உள்ளுக்க" என்றேன். மீன் நாற்றமும் இருட்டும் அவனுக்குப் போதுமாக இருந்தது. கடைசி மூலைக்கு ஊர்ந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வெளிச்சம் கிட்ட வந்தது. பக்கத்திலிருந்த தாயின் முகம் ஒருகணம் தெரிந்து மறைந்தது. நான் மகளின் வாய்க்குமேல் கையை வைத்திருந்தேன், அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. வெளிச்சம் எங்களுக்குப் பின்னால் போய், சின்னதாகி, அணைந்தது. படகோட்டி நெடுநேரம் கழித்துத்தான் எஞ்சினைத் தொட்டார். "உங்கட நாய் மனிசரை விடத் திறம் அக்கா" என்றார்.

கிழக்கு வெளுக்கும்போது ஒரு மணல்திட்டுக்கு வந்து சேர்ந்தோம். நெஞ்சளவு தண்ணீர். "இதுதான் இந்தியாப் பக்கம், கெதியா இறங்குங்கோ. விடிஞ்சால் நான் திரும்பேலாது" என்று படகோட்டி விரட்டினார். எல்லோரும் குதித்தார்கள். இவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். நான் சாக்கை விலக்கி "வாடா" என்றேன்.

அவன் வரவில்லை. இருட்டுக்குள் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. தோள்வரை கையை விட்டேன். விரல் நுனியில் அவன் மூக்கு பட்டது. மணந்து பார்த்தான். ஒருதரம் நக்கினான். பிறகு தலையைத் திரும்பக் கயிற்றின்மேல் வைத்துவிட்டான்.

அப்போதுதான் எனக்குப் பை ஞாபகம் வந்தது.

"ஆரிட்டையேன் கருவாடு இருக்கோ?" என்று தண்ணீரில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். பயத்தில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மூட்டைகள் எல்லாம் கடலோடு போயிருந்தன. வெறும் கையைப் பொத்தி, ஏதோ இருப்பதுபோல் காட்டினேன். அவன் ஏமாறவில்லை. படகோட்டி துடுப்பை உள்ளே விட்டு நெம்பிப் பார்த்தார், அவன் இன்னும் மூலைக்குப் போனான். திட்டில் மகள் அழுதாள். இவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், முதலில் கோபமாக, பிறகு கெஞ்சலாக.

"அக்கா, விடிஞ்சுபோச்சு. நான் கொண்டுபோய்க் கரையில விடுறன்."

இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"கையால இழுத்தால் வரமாட்டான் தம்பி. கருவாட்டுத் தலை காட்டினால்தான் வருவான். மறந்துபோடாதேங்கோ."

"ஓம் அக்கா, ஓம்" என்றபடி படகைத் திருப்பினார். அவர் காட்டினாரா, அவர் படகே கரை சேர்ந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்களை இந்திய மீனவர்கள் ஏற்றிப்போனார்கள். அகதி முகாமில் ஒரு அறை தந்தார்கள், மகளுக்கு மருந்தும் கிடைத்தது. காய்ச்சல் விட்டது. ஒருநாள் மத்தியானம் விமானச் சத்தம் கேட்டது. கையில் அரிசிச் சட்டியோடு நின்ற நான் வானத்தைப் பார்க்கவில்லை, யாராவது குரைக்கிறார்களா என்றுதான் காது கொடுத்தேன். குழாயடியில் பெண்கள் தங்கள் பாட்டுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடி, மூலையில் அவளுக்குமேல் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

இவர் வந்து பார்த்தார். "ஆக்கள் போற பிளேன்" என்றார். நான் எழும்பவில்லை. "போயிட்டுது" என்றார். அதற்கும் எழும்பவில்லை. உடம்பு கேட்கவில்லை. இவர் எங்கேயோ போனார். திரும்பி வந்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, கடையில் வாங்கிய ஒரு கருவாட்டுத் தலையைக் காட்டினார்.

மகள் முதலில் எழுந்து போனாள். பிறகு நான் போனேன். தலையை வாங்கி வாசல்படியில் வைத்தேன். தின்ன ஆளில்லை.