துரைக்கல்லின் கடைசி வரி

கல்லின் ஒரு ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு பொருக்குத் தட்டி உதிர்ந்திருந்தது. அதற்கடியில் ஆங்கில எழுத்து ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாமிக்குள் எழுத்து இருக்கிறதென்றால் சாமிக்குள் ஒரு ஆள் இருக்கிறான்! அவன் யார், எந்த ஊர், எவர் வீட்டுப் பிள்ளை என்று தோண்டி எடுத்து எழுதிவிட வேண்டுமென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு, ராயபுரம் கடற்கரையில் கால் போன போக்கில் திரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

எங்கள் குப்பத்தில் அதற்குத் துரைக்கல் என்று பெயர். இடுப்பளவு உயரம், கருநீலம். புதுக் கட்டுமரத்தை முதன்முதலில் இறக்குகிறவர்கள் அதன் முன்னால் ஒரு சுருட்டைப் பற்றவைத்து, கொஞ்சம் சாராயம் தெளித்து, "தொர, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அலையில் தள்ளுவார்கள். மதுவிலக்கு வந்தபின் சாராயத்துக்குப் பதில் சோடா. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் எண்ணெய் பூசி மஞ்சள் வைப்பார்கள். பூசினார்களே தவிர ஒருநாளும் யாரும் கழுவியதில்லை. கழுவினால் துரைக்குக் கோபம் வருமாம்.

கல்லுக்கு மிக அருகில் இருந்தது சின்னம்மாவின் குடிசை. சின்னம்மா என் அம்மாவின் தங்கை.

"இன்னாடி, தொரய மொறச்சு பாத்துகினு கீற?"

"எழுத்து கீது சின்னம்மா. தேச்சா படிச்சுருவேன்."

"சாமிய தேய்ப்பியா? கைய ஒடச்சி அடுப்புல வச்சிருவாங்க."

சொன்னவளே மறுநாள் காலையில் ஒரு பிடி புளியும் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்து வைத்தாள். "இத்தினி வருசம் வெளக்கேத்துறேன். யாருன்னு எனக்குந்தான் தெரியட்டுமே."

இருவருமாகத் தேய்த்தோம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த சித்தப்பா நின்று பார்த்தார். "மெள்ளமா தேய்ம்மா. வெள்ளக்காரன், தோலு சட்டுனு செவந்துக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் குரலில் எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு கேலிதான்.

பிசுக்குப் போனதும் கல் பள்ளிக்கூடச் சிலேட்டு மாதிரியே இருந்தது. எழுத்துகள் நேற்று வெட்டியவை போலக் கூர்மையாக நின்றன. இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டுப் பிரபு, நாடாளுமன்ற உறுப்பினர், இன்னாருடைய மூன்றாம் மகன். கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தர் வேலைக்கு வந்தவன். வயது பத்தொன்பது. கப்பலிலிருந்து கரைக்கு வரும் வழியில் அலை படகைக் கவிழ்த்ததில், படகோட்டிகள் ஐவரோடு மூழ்கினான்.

"பத்தொம்பதா? தாடி வச்ச பெரிய ஆளுன்னுல்ல நெனச்சுகினு இருந்தேன்" என்றாள் சின்னம்மா. மீன் கூடைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனாள். அவள் போன பிறகுதான் அடி மணலை நோண்டினேன். கடைசி வரி அங்கே இருந்தது: அவன் உடலைக் கடல் திருப்பித் தரவில்லை, ஆகவே அவன் தகப்பன் இந்தக் கல்லை அனுப்பினான்.

அதற்கப்புறம் நான் எழும்பூர்ப் பெரிய நூலகத்துக்கு நடையாக நடந்தேன். வேல்ஸ் நாட்டுப் பழைய குடும்பங்களைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றில் அந்தப் பிரபு ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் மனிதர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து பட்டத்துக்கு வந்தவர். அவருடைய மலையே சிலேட்டுக் கல்தான். வெட்டி வெட்டிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் ஆண்டாண்டாக உட்கார்ந்திருந்தும் வாய் திறந்தது இரண்டே முறை, இரண்டும் துறைமுகத்தைப் பற்றி. முதல் மனைவி பிரசவத்தில் போனாள். இரண்டாமவள் அவருக்குப் பின்னும் நெடுநாள் இருந்தாள். மூத்த மகன் எதிர்க்கட்சிக்குப் போய்த் தகப்பனோடு பேச்சை நிறுத்தினான். இரண்டாமவன் பாதிரியார். பெண்களை எந்தெந்த மாளிகையில் கொடுத்தார்கள் என்பது வரை விவரம் இருந்தது. எங்கள் துரைக்கு மட்டும் பெயரில்லை. 'இளமையில் இறந்த மகன் ஒருவன்' என்ற அளவோடு முடித்திருந்தார்கள். பிரபு கடைசிக் காலத்தில் நாடாளுமன்றத்துக்குப் போவதை விட்டுவிட்டு, மாளிகையையும் விட்டு, கடலைப் பார்த்த ஒரு சின்ன வீட்டில் தங்கினார் என்றும் ஒரு வாக்கியம். காரணம் சொல்லவில்லை. ஏதோ கிழட்டுப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு குறித்துவைத்தேன்.

ஐப்பசிப் புயல் சொல்லாமல் வந்தது. சித்தப்பாவோடு கடலுக்குப் போனவர் கட்டுமரத்தின் ஒற்றைக் கட்டையைக் கட்டிப்பிடித்தபடி எண்ணூர்ப் பக்கம் உயிரோடு ஒதுங்கினார். சித்தப்பா ஒதுங்கவில்லை. சாமியின் தோலை உரித்தவள் என்று குப்பத்தில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சின்னம்மா மட்டும் சொல்லவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் குப்பத்தில் ஒரு முறை உண்டு. பதினாறாம் நாள் வைக்கோலால் ஆள் கட்டி, அவர் வேட்டியைச் சுற்றி, மணலில் வைத்துக் கொள்ளி போடுவார்கள். அன்றுதான் மனைவி தாலியைக் கழற்றுவாள். அது முடிகிற வரை அந்த வீட்டு ஆண்கள் யாரும் கடலில் கால் வைக்கக் கூடாது. சித்தப்பாவின் தம்பிகள் இருவர் வலையோடு காத்திருந்தார்கள்.

பதினைந்தாம் நாள் காலை. வாசலில் வைக்கோல் வந்து இறங்கிவிட்டது. சின்னம்மா என் கையைப் பிடித்துக் கல்லருகே இழுத்துப் போனாள்.

"படிச்சியே, சொல்லு. இந்தத் தொரையோட அப்பனுக்குப் புள்ள பொணம் கெடச்சுதா?"

கடைசி வரி மறுபடி மணலுக்குள் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன்.

"கெடச்சுது சின்னம்மா."

"எத்தினி நாள் கழிச்சு?"

"ரொம்ப நாள்..."

அந்த நிமிஷத்துக்கு அவளுக்கு ஒரு ஆறுதல் போதும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக. அவள் நேராக வீட்டுக்குப் போய் வைக்கோலைத் தெருவில் தூக்கி எறிந்தாள். "சாமிய பெத்தவனுக்கே ரொம்ப நாள் ஆயிகீது. எனக்கு மட்டும் பதினாறு நாள்ள வந்துருமா? அவரு வர்ற வரைக்கும் ஒருத்தனும் கொள்ளி எடுக்கக் கூடாது." குப்பத்துப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இன்றோடு இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. விடியுமுன் காசிமேட்டில் தொடங்கி எண்ணூர் வரை கரையோரமாக நடக்கிறாள். கரை ஒதுங்கிய ஒவ்வொரு பாயையும் சாக்கையும் புரட்டிப் பார்க்கிறாள். கிளிஞ்சல் கிழித்துக் கால் சீழ் பிடித்துவிட்டது. கூடை தூக்குவதையும் விட்டுவிட்டாள். பிள்ளைகள் மூவரும் எங்கள் வீட்டில் கஞ்சி குடிக்கிறார்கள். சித்தப்பாவின் தம்பிகளுடைய வலை காய்ந்து, எலி கடிக்கத் தொடங்கிவிட்டது. நேற்றுக் குழாயடியில் பெரிய தம்பி என்னை மறித்தான்.

"ஏம்மா படிச்சவளே, உன் தொர வந்து எங்க வூட்ல ஒல வைப்பானா? கேட்டு சொல்லு."

அவனுக்கு நான் சொன்ன பொய் தெரியாது. கல்லைத் தேய்த்ததற்காகத்தான் ஏசினான்.

வீட்டுக்கு வந்து என் குறிப்பு நோட்டை எடுத்தேன். கடலைப் பார்த்த அந்தச் சின்ன வீடு. நாடாளுமன்றப் பிரபு அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. சின்னம்மாவுக்கு நடக்கக் கரை இருக்கிறது, அவருக்கு ஜன்னல். புத்தகம் எழுதியவருக்கு இது தோன்றவில்லை. எனக்கும் இவ்வளவு நாள் தோன்றவில்லையே! ஆனால் அவர் என்றைக்கோ ஒருநாள் சொந்த மலையிலிருந்து ஒரு கல்லை வெட்டச் சொன்னார். நம்முடைய வைக்கோல் ஆள் மாதிரிதான் அதுவும். கொள்ளி வைக்கத் தெரியாதவர் கப்பலேற்றி அனுப்பினார்.

நாளைக் காலை அவள் கரையிலிருந்து திரும்பும் முன் கல்லின் அடியைத் தோண்டி வைத்துவிடப் போகிறேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. விரலைப் பிடித்துக் கடைசி வரியின் மேல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அடிப்பாள். அடிக்கட்டும். அடித்து முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சின்ன வீட்டைப் பற்றியும் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.