ஒரேஸ்தே கண்ட வாத்து

எங்கள் ஊரில் மண்வெட்டி போட்டால் பழங்காலம் தட்டுப்படும். என் வீட்டு அடுப்புக்குக் கீழே ஒரு தூண் படுத்துக் கிடக்கிறது. மாமியார் வீட்டு ஒயின் கிடங்கின் பின்சுவர் முழுக்க ரோமர்கள் வைத்த செங்கல். எவனும் வாயைத் திறக்க மாட்டான். கண்டதை அன்றைக்கே சிமெண்ட் போட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போவோம். வெளியே தெரிந்தால் தொல்லியல்காரர்கள் வந்து கயிறு கட்டுவார்கள். அப்புறம் நம் வீட்டுக் கழிப்பறைக்குப் போக நாமே மனுப் போட வேண்டும். கொத்தனாரான நான் எத்தனையை மூடியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

இந்த வழக்கத்தை மீறியவன் ஒருத்தன்தான். சான் விட்டோரே கோவிலின் கோவில்பிள்ளை ஒரேஸ்தே. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை உடுப்பை மடித்து வைப்பது என்று பதினாறு வயதிலிருந்து அங்கேயே கிடந்தவன். அவன் மனைவி எர்சீலியா ஞானஸ்நானம் பெற்றதும், அவனைக் கட்டிக்கொண்டதும் அந்தக் கோவிலில்தான். பிள்ளை இல்லாததால் கோவிலையே தத்தெடுத்துவிட்டார்கள் என்று கேலி பேசுவோம்.

கோவில் எண்ணூறு வருஷத்துப் பழசு. பீடத்தின் இரண்டு தூண்களும் அதற்கு முன்னால் அங்கே இருந்த ஏதோ ஒரு சாமியின் கோவிலிலிருந்து உருவியவை. ஓர் ஆகஸ்டில், திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பீடத்துக்குப் பின்னால் ஈரம் ஊறுகிறதென்று பங்குச் சாமியார் பிளாசிதோ தளக்கல்லைப் பெயர்க்க ஒரேஸ்தேயிடம் சொன்னார். முழங்கை ஆழத்தில் வண்ணக்கல் பதித்த தரை. அதில் ஒரு வாத்து, சிவப்பு அலகோடு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் இரண்டு மூட்டை சிமெண்டைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன்.

"மூடிடலாம் வா. அரைமணி நேர வேலை," என்றேன் ஒரேஸ்தேயிடம்.

"வேண்டாண்ணே. இதப் பாக்க ஜனம் வரும். ஒழுகுற கூரையையும் அவங்களே சரிபண்ணிக் குடுப்பாங்க. நேத்தே தொல்லியல்காரங்களுக்கு எழுதிப் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அறையலாம் போல இருந்தது எனக்கு. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நாலு பேர் வந்தார்கள். ஒரேஸ்தேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சனிக்கிழமை கோவில் பூட்டை மாற்றினார்கள். அந்த வருஷத் திருவிழா கால்பந்து மைதானத்துக் கொட்டகையில் நடந்தது. அடுத்த வருஷம் திறந்துவிடுவோம் என்றார்கள். இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. பூசை கீழூரில் பெட்ரோல் பங்க் பக்கத்து மண்டபத்துக்குப் போனது. ஒரேஸ்தே காபி குடிக்க வந்தால் கடையில் யாராவது வாத்து மாதிரிக் கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன், வெட்கக்கேடு. அவன் குடித்துவிட்டு, கோவிலைத் திறக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதப் போவான்.

பிறகு எர்சீலியா படுக்கையில் விழுந்தாள். சன்னலில் மணிக்கூண்டு தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னைப் பெட்ரோல் பங்க் பக்கத்துல வெச்சுப் பூசை பண்ணிடாத, ஒரேஸ்தே. நம்ம கோவில் வாசல் வழியாத் தூக்கிட்டுப் போ."

சரி என்று வாக்குக் கொடுத்தான். மாதா மாதம் பஸ் ஏறி நகரத்துத் தொல்லியல் அலுவலகத்துக்குப் போனான். போன மார்ச்சில் பதில் வந்தது. கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். ஆய்வு முடிந்துவிட்டதாம். தரையின் பாதுகாப்புக்காக அதன்மேல் மணல் பரப்பி, சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்களாம். ஆனால் இத்தனை வருஷத்தில் கூரை உத்தரங்கள் இற்றுப்போய்விட்டதால் உள்ளே யாரும் போகக் கூடாதாம். பழுதுபார்க்க நிதி இல்லையாம்.

அவளிடம் அவன் சொல்லவில்லை. திறந்துட்டாங்களா என்று கேட்கும்போதெல்லாம் ஓடு மாற்றுகிறார்கள் என்று சொல்லி வந்தான். நம்பினாளோ, நம்பியதாகக் காட்டிக்கொண்டாளோ, தெரியாது. நவம்பரில் போய்விட்டாள்.

பூசை அந்த மண்டபத்தில்தான் நடந்தது. லாரிச் சத்தத்தில் சாமியாரின் செபம் பாதி கேட்கவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில், சான் விட்டோரேயின் தகர வேலிக்கு முன்னால் பெட்டியை இறக்கச் சொன்னான் ஒரேஸ்தே. கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அவனே தூக்கச் சொன்னான்.

எங்கள் ஊரில் பெட்டியை மண்ணில் புதைக்காமல், கல்லறைச் சுவரில் உள்ள மாடத்தில் வைத்துச் செங்கல்லால் அடைப்போம். அது என் வேலை. நான் கல் வைக்க, ஒரேஸ்தே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு ரெண்டு மூட்டை கொண்டு வந்தீங்களே, அண்ணே. அத என்ன பண்ணீங்க?"

கோழிக்கூட்டுக்குத் தளம் போட்டேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் மறந்துபோச்சு என்றேன்.

"அரைமணி நேர வேலைன்னு சொன்னீங்க," என்று சொல்லிவிட்டுக் கல்லை நீட்டினான்.