பிரேக்கில் சுற்றிய நீலக் கயிறு

என் சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக் பிடிகளிலும் நீல நைலான் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டதே தவிர, ஒரு சுற்றுகூட இன்னும் தளரவில்லை. சுற்றிக் கொடுத்தவர் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்த செராங் அண்ணன். தீவுகளுக்கு நடுவே ஓடும் அரசுப் படகில் சுக்கான் பிடித்தவர். படகை நடத்துகிறவரை இங்கே செராங் என்போம்.

எங்கள் வீடு டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில், சரிவின் மேலே இருக்கிறது. நான் பெயின்டர். மழைக்காலம் முடிந்து வேலை தொடங்கிய முதல் வாரத்தில் சாரத்திலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான்கு மாதம், பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, மனைவி ஒரு பக்கமும் செராங் அண்ணன் ஒரு பக்கமுமாகக் குளியலறைக்குத் தூக்கிப் போவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவன். அப்படிப்பட்டவன் ஒவ்வொன்றுக்கும் ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடக் கூசியே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

சக்கர நாற்காலி சென்னைக் கப்பலில் வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி நடக்க மாட்டாய் என்று யாரோ எழுதிக் கொடுத்தது போலிருந்தது. ஆனால் அன்று மதியமே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன், சக்கரத்தைக் கையால் தள்ளி ஜன்னல் பக்கம் திரும்பினேன். யாரையும் கூப்பிடவில்லை. சரிவின் அடியில் தெருக்குழாயும், எதிர்வீட்டுத் தகரக் கூரையும், அதற்குப் பின்னால் துண்டாகத் தெரிந்த கடலும்தான் அங்கே இருந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே மறுபடி சுவர் பக்கம் திரும்பி, மறுபடி ஜன்னலுக்கு வந்தேன். அந்த நிம்மதியை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

மூன்றாம் நாள் விழுந்தேன். கட்டிலுக்கு மாறும்போது ஒரு பிரேக்கை மட்டும் போட்டிருந்தேன். நாற்காலி சுழன்று விலகிவிட்டது. அடி பெரிதில்லை. ஆனால் அதன்பின் மனைவி என்னைத் தனியாக விடவில்லை. அவள் சௌல்தாரி என்கிற ஊரில் ஓர் அங்கன்வாடியில் உதவியாளர். எனக்காக எடுத்த லீவு முடியப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் போகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே சம்பளம் அதுதான். "வேலை போனாப் போவுதுங்க. நான் பஸ்ல போறப்ப நீங்க இங்க விழுந்து கெடந்தா?" என்றாள்.

சாயங்காலம் செராங் அண்ணன் வந்தார். நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, படகுத் துறையில ஒத்தக் கயிறு கட்டிட்டு பாசிஞ்சரை இறக்கினா என்ன ஆகும்? போட்டு திரும்பிக்கும், ஆளு சமுந்தர்ல கெடப்பான். நீ அதைத்தான் பண்ணியிருக்க."

கையோடு கொண்டுவந்த கயிற்றை இரண்டு பிடிகளிலும் சுற்றினார். "இது முன்கயிறு, இது பின்கயிறு. ரெண்டும் கட்டினதும் என் ஆளு 'பாந்த் தியா'ன்னு கத்துவான். கட்டியாச்சுன்னு அவன் கத்தினாத்தான் நான் ஆளை இறக்குவேன். நீயும் கத்திட்டுத்தான் எறங்கணும்."

"கட்டினது எனக்கே தெரியுமேண்ணே. எதுக்குக் கத்தணும்?"

"உனக்கா சொல்றேன்? அடுப்படியில ஒருத்தி சட்டியக் கையில வச்சுக்கிட்டு ஓடி வர நிக்குறாளே, அவளுக்கு."

நான் வாய்க்குள்ளேயே 'பாந்த் தியா' என்றேன்.

"அரே, கொசு பேசுதா?" என்றார். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சாரத்திலிருந்து விழுந்த நாள்முதல் அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

முதல் இரண்டு நாள் அடுப்படிக்குக் கேட்கும்படி கத்தினேன். அப்புறம் கொல்லைப்புறத்துக்கு. பக்கத்து வீட்டு பெங்காலி தீதி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, எந்த போட்டு வந்திருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. எட்டாம் நாள் மனைவி சரிவின் அடியில், தெருக்குழாயில் குடத்தோடு நின்றாள். இரண்டு பிரேக்கையும் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் தலை நிமிர்ந்தது. ஒரு கையை உயர்த்தினாள். மேலே ஓடி வரவில்லை. குடம் நிரம்பும்வரை நிதானமாக நின்றாள். திங்கட்கிழமை சௌல்தாரி பஸ் ஏறிவிட்டாள்.

செராங் அண்ணன் ரிட்டயராகி மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். டயர் இரண்டு முறை மாற்றியாயிற்று. கடைக்காரர் கயிற்றை அவிழ்க்கப் போனபோது நானே தடுத்தேன். அதுவும் கொஞ்சம் சத்தமாகத்தான்.

இப்போதும் மதியம் அங்கன்வாடிப் பிள்ளைகள் தூங்கியதும் அவள் போன் செய்வாள். நான் கட்டிலுக்குப் போகும் நேரம் அது. எப்படியிருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கமாட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, முதலில் முன்கயிறு, பிறகு பின்கயிறு என்று இரண்டு பிரேக்கையும் இழுத்துப் போடுவேன்.

"பாந்த் தியா!"

வேலிக்கு அந்தப் பக்கம் தீதி, சரி என்பதாக, "டீக் ஹை!" என்பாள். மடியில் கிடக்கும் போனில் மனைவி மூச்சு விடுவது கேட்கும். பிறகு இறங்குவேன்.