எதிர்க்கடையிலிருந்து திரும்பி வந்த சீட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கைத் திறக்கப் போனபோது எங்கள் நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். "மாரியக்கா போயிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." பழங்காநத்தத்தில் என் கிளினிக்குக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த முத்துமாரியை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் செய்த ஒரு காரியம் மட்டும் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதினால் நான் மனுஷனே இல்லை.

நான் முன்கோபக்காரன், டாக்டர் என்ற திமிரும் உண்டு. காய்ச்சல் மருந்து கேட்டு வரும் குழந்தைகளை முத்துமாரி எடை மெஷினில் ஏற்றுவதைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறேன். "வயச வச்சு அளவு சொல்ல முடியாது சார். புள்ள எம்புட்டு எடைன்னு தெரியணும்" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் எழுமலையிலிருந்து ஒரு தாய் நான்கு வயது மகளைத் தூக்கி வந்தார். மூன்று நாள் காய்ச்சல். "நாளைக்குக் காதுகுத்து சார். கெடா வாங்கியாச்சு, தாய்மாமன் வந்துட்டாரு. காய்ச்ச சட்டுனு இறங்கணும்." பாராசிட்டமாலுக்கு அடங்கவில்லை என்றார். வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கிற, காய்ச்சலையும் வேகமாக இறக்கும் ஒரு சிரப்பை எழுதினேன். வெளியே கூட்டம். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

பத்து நிமிடத்தில் முத்துமாரி அந்தத் தாயையும் கூட்டிக்கொண்டு, என் சீட்டோடு உள்ளே வந்தார்.

"சார், காலைல பல்லு விளக்கையில புள்ளைக்கு ரத்தம் வந்துச்சாம். சொன்னா காதுகுத்த நிறுத்திருவீகன்னு சொல்லலையாம். டெங்குவா இருந்தா இந்த சிரப் ரத்தக்கசிவக் கூட்டிரும்ல?"

"இங்க யாரு டாக்டர், நீயா நானா?" என்று கத்தினேன்.

அவர் நகரவில்லை. "நீங்கதான் சார். அதான் உங்ககிட்ட கேக்குறேன். டெஸ்ட் பாத்துட்டு எம்புட்டு வேணாலும் திட்டுங்க."

டெங்குதான். தட்டணுக்கள் மளமளவென்று இறங்கியிருந்தன. அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த சிரப் காய்ச்சலை இறக்கியிருக்கும். குழந்தை தேறிவிட்டது என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். மறுநாள் காதில் ஊசி ஏறியிருக்கும். என்னிடம் மறைத்ததை அந்தத் தாய் உங்களிடம் எப்படிச் சொன்னார் என்று பிறகு முத்துமாரியிடம் கேட்டேன். "கடைல யாரும் பயப்பட மாட்டாங்க சார்" என்றார். எனக்குப் பிரமிப்பாக இருந்தது. இத்தனை வருடப் படிப்பில் எனக்கு அது தெரியவில்லை.

குழந்தை தேறியதும், மனைவி கடையில் நடந்ததைச் சொல்லாததால் விவரம் தெரியாத தகப்பனார் பழத்தட்டோடு வந்து, "நீங்கதான் சார் எங்க குலசாமி" என்று எனக்குச் சால்வை போர்த்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. எதிரே கடையிலிருந்து முத்துமாரி பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் போய்த் தடுமாறி நின்றேன். "சால்வை உங்களுக்கு நல்லாருக்கு சார். இந்தப் புழுக்கத்துல எனக்கெதுக்கு?" என்று சிரித்தார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சால்வை ஒன்றுதான். எழுமலைக்காரரே, இது உங்கள் கண்ணில் பட்டால் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அதை ஆள் மாற்றிப் போர்த்திவிட்டீர்கள்.