கோவளத்தில் கயிறு பிடித்து நின்ற நாள்

எழுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம் நான் கோவளம் போனது மீன் குழம்பு சாப்பிடத்தான். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பூங்காவனத்தக்கா, "எங்க வூட்டாண்ட ஒரு தபா வந்து துன்னு பாரு தம்பி" என்று ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாதே? சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நான் போட்டிருந்த கொடியிலிருந்து ஒரு பூசணிக்காயை அறுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன். அந்தக் கொடிக்கே ஒரு கதை உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறிப் படுத்துக்கொண்டது; காய் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை. சரி, அது கிடக்கட்டும்.

தாம்பரத்தில் காலை ஏழு மணிக்கு பஸ். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம், அங்கே வேறு பஸ் மாறிக் கோவளம். முப்பது கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம் ஆனது. கேளம்பாக்கம் டீக்கடை ரேடியோவில் புயல் வருகிறது, கடல் ஊருக்குள் ஏறலாம் என்றார்கள். டிரைவர் என் பூசணிக்காயைப் பார்த்து, "இன்னா சார், புயலுக்கு திருஷ்டி சுத்தவா?" என்றார்.

கோவளத்தில் ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. கட்டுமரங்களின் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெண்களும் பிள்ளைகளும் அங்கிருந்த மாதா கோயிலுக்குப் போனார்கள். பூங்காவனத்தக்கா மட்டும் கரையை விட்டு நகரவில்லை. விடியுமுன் கடலுக்குப் போன அவர் புருஷன் தேசிங்கு இன்னும் திரும்பவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கடைசிக் கட்டுமரம் கரையேறும்வரை நாலைந்து பேராவது நீளக் கயிறோடு நிற்பார்கள், அலையில் மரம் தெரிந்ததும் வீசி இழுப்பதற்கு. "நீ மேல போ தம்பி, உனுக்கு நீச்சல் தெரியாது" என்றார் அக்கா. பூசணிக்காயை மணலில் வைத்துவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். மழை முகத்தில் அறைந்தது. அக்கா அழவில்லை. "கஞ்சிகூட குடிக்காம பூட்டான்யா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மத்தியானம் தாண்டியது. எனக்குப் பின்னால் இன்னொரு ஆள் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை, எல்லோர் கண்ணும் கடல்மேல். கொஞ்சம் பொறுத்து அவர் கேட்டார்:

"யாருபா இன்னும் வரல?"

அக்கா விருட்டென்று திரும்பினார். "நீதான்யா வரல!"

வாடைக்காற்று தள்ளி, தேசிங்கு தெற்கே எங்கேயோ கரை சேர்ந்திருக்கிறார். மரத்தைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு சவுக்குத் தோப்பு வழியாக நடந்தே வந்தவர், கயிறோடு ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் எவனோ கடலில் மாட்டிக்கொண்டான் என்று ஓடி வந்திருக்கிறார். கயிற்று நுனியாலேயே அக்கா அவர் முதுகில் இரண்டு வைத்தார். "கடலையே பாத்துகினு இருந்தா தோப்பாண்ட வர்றவன் எப்டிமே தெரிவான்?" என்று அவர் சிரித்தார். அப்போதுதான் அக்கா அழுதார்.

கடல் அன்றைக்கு முன்வரிசைக் குடிசைகளின் வேலிவரை வந்துவிட்டுத் திரும்பியது. மாதா கோயிலில் அத்தனை பேருக்கும் என் பூசணிக்காய்தான் குழம்பு. மீன் குழம்பு கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம்தான் பஸ் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகையில் போனால் ரேடியோவைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், மாற்றுத்துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் யாராவது கயிறு பிடித்து நின்றால் முதலில் பிடியுங்கள். யாருக்காக என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.